பாக்கிற ஆக்களை ஆர் பாக்கிறது?

கொக்குவிலில் இருக்கும் என் பெரியம்மாவின் அலுமாரியில், சேலைகளுக்குக் கீழே ஒரு நீல நிறக் கோப்பு இருக்கிறது. ஒரு பினான்ஸ் கம்பனியின் நிலையான வைப்புச் சான்றிதழ், வட்டி வந்த மாதங்களைக் குறித்து வைத்த ஒற்றை, பத்திரிகையில் வந்த அறிவித்தலின் வெட்டு, தன் கைப்பட எழுதி அனுப்பிய கடிதங்களின் போட்டோப் பிரதிகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. பெரியம்மா முப்பத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்தவர். திகதி போடாமல் ஒரு கடதாசியையும் வைக்கமாட்டார்.

போர் முடிந்து ஏ9 வீதி திறந்த பிறகு, யாழ்ப்பாணத்தில் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் போட்டி போட்டுக்கொண்டு கிளை திறந்தன. சில நிதி நிறுவனங்களில் வட்டி வங்கியைவிட இரண்டு மூன்று வீதம் கூட. பெரியம்மா தன் பணிக்கொடையில் பன்னிரண்டு இலட்சத்தை அப்படி ஒன்றில் போட்டார். கிளையில் இருந்தவன் அவரிடம் படித்த பெடியன். "உரிமம் எடுத்த கம்பனி ரீச்சர், பயப்பிடாதேங்கோ" என்றிருக்கிறான். அவன் பொய் சொல்லவில்லை, உரிமம் உண்மையாகவே இருந்தது. சில வருடங்களில் வட்டி பிந்தியது, பிறகு நின்றது, கடைசியில் உரிமமே இரத்தானது. வைப்புக் காப்புறுதியில் ஆறு இலட்சம் கிடைத்தது. மிச்சம் இன்னும் கலைப்பு நடவடிக்கைக்குள் கிடக்கிறது.

போன தடவை ஊருக்குப் போனபோது கோப்பை எடுத்து என் முன்னால் வைத்தார். "கம்பனிக்காரன் காசை விழுங்கிப்போட்டான் எண்டால் அது ஒரு கதை. ஆனா உதைப் பாக்கிறதுக்கெண்டு சம்பளம் வாங்கின ஆக்கள் இருந்தவை தானே பிள்ளை. அவையை ஆர் பாத்தது?"

நான் கொழும்பில் கணக்குத் துறையில் வேலை செய்கிறேன். ஏதாவது சொல்லியிருக்கலாம். கணக்காய்வாளர் நாயகம், பாராளுமன்றக் குழு என்று இரண்டு பெயரைச் சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன். அந்தச் சமாளிப்பு எனக்கே பிடிக்கவில்லை. அதிலிருந்து இரண்டு மாதமாக இரவில் உட்கார்ந்து சட்டங்களையும் தீர்ப்பையும் குழு அறிக்கைகளையும் வாசித்தேன். இந்தக் கட்டுரை அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

இலங்கை மத்திய வங்கி 1950 ஓகஸ்ட் 28ஆம் திகதி வேலையைத் தொடங்கியது. முதல் ஆளுநர் ஜோன் எக்ஸ்டர் என்ற அமெரிக்கர். அமெரிக்க மத்திய வங்கியிலிருந்து வந்தவர். அவர் எழுதிய அறிக்கையின் அடிப்படையில்தான் 1949ஆம் ஆண்டின் 58ஆம் இலக்க நாணயவிதிச் சட்டம் உருவானது. அந்தச் சட்டம்தான் எழுபத்து மூன்று வருடம் எங்கள் காசின் விதியைத் தீர்மானித்தது. வங்கிகளுக்கும் பிற்காலத்தில் நிதி நிறுவனங்களுக்கும் உரிமம் கொடுத்து மேற்பார்வை செய்கிறதும், தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதியை முகாமை செய்கிறதும் இதே மத்திய வங்கிதான். பல நாடுகளில் மூன்று நான்கு நிறுவனங்கள் பிரித்துச் செய்கிற வேலை இங்கே ஒரே கூரையின் கீழ்.

பழைய சட்டத்தில் அதிகாரம் முழுவதும் நாணயச் சபையின் கையில். ஆளுநர் அதன் தலைவர். திறைசேரிச் செயலாளர் பதவி வழியாக உறுப்பினர். மற்றவர்களை ஜனாதிபதி நியமிப்பார். இதில் என்னைத் திரும்பத் திரும்ப நிறுத்தியது திறைசேரிச் செயலாளரின் கதிரைதான். திறைசேரி என்றால் அரசாங்கத்துக்காகக் கடன் வாங்குகிறவர். மத்திய வங்கி என்றால் அந்தக் கடனுக்குப் புதுக் காசு உண்டாக்கிக் கொடுக்கக்கூடியவர். கடன் கேட்கிறவரே கடன் கொடுக்கிற மேசையின் மறுபக்கத்திலும் இருந்தார். இதைவிடப் பெரிய ஒரு கதவும் சட்டத்தில் இருந்தது. கொள்கையில் நிதி அமைச்சருக்கும் நாணயச் சபைக்கும் கருத்து வேறுபட்டு, பேசியும் தீராவிட்டால், பொறுப்பை அரசாங்கம் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி அமைச்சர் தன் விருப்பப்படி செய்யப் பணிக்கலாம்.

சட்டம் எழுதியவர்களின் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. அமைச்சர் எழுத்தில் பொறுப்பேற்றால், பிறகு மக்கள் அவரைக் கேட்கலாம் என்பதுதான் யோசனை. நடைமுறையில் எழுத்தே தேவைப்படவில்லை. ஒரு தொலைபேசி அழைப்பு போதும் என்கிற இடத்தில் யாரும் கையெழுத்து வைக்கமாட்டார்கள்.

2020 ஜூன் 16ஆம் திகதியை நான் இதற்காகத்தான் மறக்கமாட்டேன். அன்று ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச மத்திய வங்கியின் உயர் அதிகாரிகளை ஜனாதிபதி செயலகத்துக்கு அழைத்து, கொரோனாவால் விழுந்த பொருளாதாரத்தைத் தூக்கிவிட நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று கடிந்துகொண்டார். மூடிய அறைக்குள் அல்ல, கமரா முன்னால். நாடே அதைத் தொலைக்காட்சியில் பார்த்தது. அதே நாளில் மத்திய வங்கி நியதி ஒதுக்கு விகிதத்தை, அதாவது வங்கிகள் தங்கள் வைப்புகளில் மத்திய வங்கியிடம் கட்டாயம் போட்டு வைக்க வேண்டிய பங்கை, 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக்கியது. வங்கிகளின் கைக்கு ஏறத்தாழ 115 பில்லியன் ரூபா விடுபட்டது. அந்தத் தீர்மானம் பொருளாதாரக் காரணத்தால் சரியாகக்கூட இருந்திருக்கலாம். பல நாடுகள் அந்த மாதங்களில் காசைத் தளர்த்தின. ஆனால் திட்டு வாங்கிய அன்றே எடுத்த தீர்மானத்தை யார் எடுத்தது என்று எப்படிச் சொல்வது? நாளைக்கு அது பிழைத்தால் யாரைக் கேட்பது? ஜனாதிபதி "நான் சபைக்கு உத்தரவிடவில்லை" என்பார். சபை "எங்கள் சுயாதீனத் தீர்மானம்" என்னும். இரண்டும் எழுத்துப்படி உண்மையாகவே இருக்கும்.

அன்றைக்கு வீட்டில் அப்பாவும் நானும் அந்த ஒளிபரப்பைச் சேர்ந்து பார்த்தோம். அப்பா கைதட்டினார். பெரிய உத்தியோகத்தரை ஒருவன் தட்டிக் கேட்கிறான் என்கிற சந்தோசம் அவருக்கு. அந்தச் சந்தோசத்தை நான் விளங்கிக்கொள்கிறேன். இந்த நாட்டில் பெரிய அலுவலகங்களின் முன்னால் வாய் திறக்க முடியாமல் நின்று பழகிய சனத்துக்கு அப்படி ஒரு காட்சி ஆறுதல்தான். ஆனால் அது கணக்குக் கேட்டதல்ல. கணக்குக் கேட்பதென்றால் என்ன செய்தீர்கள், ஏன் செய்தீர்கள் என்று முடிந்ததைக் கேட்பது. அங்கே நடந்தது இதைச் செய் என்பது. இரண்டையும் நாங்கள் ஒன்றாக நினைத்ததன் விலை இரண்டு வருடத்தில் தெரிந்தது.

அந்த இரண்டு வருடத்தைப் பற்றி நீட்டத் தேவையில்லை, எல்லோரும் வரிசையில் நின்றவர்கள்தான். 2019 டிசம்பரில் வற் வரி 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது. வருமானம் விழுந்தது. அரசாங்கம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் பத்திரங்களான திறைசேரி உண்டியல்களை வெளியில் யாரும் அந்த வட்டிக்கு வாங்காதபோது மத்திய வங்கி வாங்கியது. காசு அச்சடிப்பது என்று நாங்கள் சொல்வது இதைத்தான். 2019 இறுதியில் மத்திய வங்கி கையில் வைத்திருந்த அரசாங்கப் பத்திரங்கள் நூறு பில்லியன் ரூபாவுக்கும் குறைவு. 2022 நடுப்பகுதியில் அது இரண்டாயிரம் பில்லியனைத் தாண்டிவிட்டது. டொலரை 203 ரூபாவுக்குள் பிடித்து வைத்திருந்து 2022 மார்ச்சில் கைவிட்டார்கள். ஏப்ரல் 7ஆம் திகதி நந்தலால் வீரசிங்க ஆளுநராக வந்தார். அடுத்த நாள் கொள்கை வட்டி வீதம் ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளியால் ஏறியது. 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9. பெரியம்மாவுக்குக் காப்புறுதியில் கிடைத்த ஆறு இலட்சத்தின் பெறுமதியில் ஒரு பெரிய பங்கை அந்த வருடம் தின்றுவிட்டது. முதலில் கம்பனி, பிறகு விலைவாசி.

இதைக் கடைசியில் கேட்டது யார்? பாராளுமன்றம் அல்ல. ஊழலுக்கு எதிரான அமைப்பான ட்ரான்ஸ்பேரன்சி இன்டர்நெஷனல் ஸ்ரீலங்காவும் முன்னாள் நீச்சல் வீரர் ஜூலியன் போலிங் போன்ற சில குடிமக்களும் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2023 நவம்பர் 14ஆம் திகதி நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ச, முன்னாள் ஆளுநர்கள் அஜித் நிவாட் கப்ரால், டபிள்யூ. டி. லக்ஷ்மன், முன்னாள் திறைசேரிச் செயலாளர் எஸ். ஆர். ஆட்டிகல, பி. பி. ஜயசுந்தர ஆகியோரும் நாணயச் சபையும் பொது நம்பிக்கையை மீறினார்கள் என்று நீதிமன்றம் சொன்னது. மனுதாரருக்குச் செலவாக 150,000 ரூபா. அவ்வளவுதான் காசுக் கணக்கு. ஆனால் எனக்கு அந்தத் தீர்ப்பு பெரிய விஷயம். நிபுணர்களின் தீர்மானம் என்று சொல்லி நாணயச் சபை ஒதுங்க முடியாது, மக்களுக்காக வைத்திருக்கும் அதிகாரத்துக்கு மக்களிடம் பதில் சொல்ல வேண்டும் என்று நாட்டின் உச்ச நீதிபீடம் எழுத்தில் வைத்துவிட்டது. வருத்தம் என்னவென்றால், எல்லாம் எரிந்து முடிந்த பிறகு வந்த எழுத்து அது.

சரி, அப்படியானால் அரசாங்கத்தை வெளியே தள்ளிவிட்டு மத்திய வங்கியைத் தனியே விட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? 2015ஐ நினைத்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. அந்த வருடம் பெப்ரவரி 27ஆம் திகதி, அரசாங்கம் நீண்ட காலத்துக்குக் கடன் வாங்கும் பத்திரமான 30 வருடப் பிணைமுறியை மத்திய வங்கி ஏலம் விட்டது. கேட்டது ஒரு பில்லியன் ரூபா, ஏற்றுக்கொண்டது பத்து பில்லியன். ஆளுநராக இருந்தவர் அர்ஜுன மகேந்திரன். அந்த ஏலத்தில் பெரிய பங்கை எடுத்த பேர்பச்சுவல் ட்ரெசரீஸ் அவருடைய மருமகன் அர்ஜுன் அலோசியஸின் குடும்பத்தோடு தொடர்புள்ள நிறுவனம். பிறகு அந்தப் பிணைமுறிகளில் ஒரு பகுதி கூடின விலைக்கு ஊழியர் சேமலாப நிதிக்கு வந்து சேர்ந்தது. தேயிலைத் தோட்டத்திலும் ஆடைத் தொழிற்சாலையிலும் வேலை செய்கிறவர்களின் காசு அது. இதை விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழுவின் அறிக்கையை வைத்து மைத்திரிபால சிறிசேன 2018 ஜனவரியில் நாட்டுக்குச் சொன்ன கணக்கின்படி, அந்த நிறுவனம் அடைந்த முறையற்ற இலாபம் 11 பில்லியன் ரூபாவுக்கு மேல்.

அந்தக் கதையில் நான் பிடித்துக்கொள்வது வேறொன்றை. ஆணைக்குழு வருவதற்கு முன்பே, 2016 ஒக்டோபரில், அரச நிறுவனங்களின் கணக்கை விசாரிக்கும் பாராளுமன்றக் குழுவான கோப் குழு தன் அறிக்கையைப் பாராளுமன்றத்தில் வைத்துவிட்டது. தலைவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்த சுனில் ஹந்துன்நெத்தி. கணக்காய்வாளர் நாயகம் ஏலத் தாள்களைத் தோண்டிக் கொடுத்தார். அதிகாரிகள் வந்து உட்கார்ந்து கேள்விக்குப் பதில் சொன்னார்கள். கட்சிச் சண்டை நடந்தது, அடிக்குறிப்பு அறிக்கை என்று கேலி பேசும் அளவுக்கு உறுப்பினர்கள் தங்கள் கருத்தை அடியில் எழுதிச் சேர்த்தார்கள். இருந்தாலும் உண்மையின் பெரும்பகுதி அந்த அறையில்தான் முதலில் வெளியே வந்தது. அமைச்சர் யாரும் வட்டியை ஏற்று, இறக்கு என்று அங்கே சொல்லவில்லை. என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்டார்கள்.

எனக்கு இப்போது தெளிவாகத் தெரிகிறது: எங்களிடம் எப்போதும் அரசாங்கத்தின் கை உள்ளே இருந்தது, பாராளுமன்றத்தின் கண் வெளியே இருந்தது. இரண்டும் இடம் மாற வேண்டும்.

2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க இலங்கை மத்திய வங்கிச் சட்டம் கையை வெளியே எடுப்பதில் நல்ல தூரம் போயிருக்கிறது. செப்டெம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. திறைசேரிச் செயலாளரின் கதிரை போய்விட்டது. நிருவாகத்துக்கு ஆளுகைச் சபை, வட்டிக்கு நாணயக் கொள்கைச் சபை என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். நிதி அமைச்சர் சிபாரிசு செய்ய, அரசியலமைப்புப் பேரவை ஒப்புதல் கொடுத்த பிறகே ஜனாதிபதி ஆளுநரை நியமிக்கலாம். அரசாங்கத்திடமிருந்து நேரடியாகத் திறைசேரி உண்டியல் வாங்குவதற்குத் தடை. அமைச்சர் பணிக்கும் அந்தப் பழைய கதவு இல்லை. அரசாங்கத்தின் கடனைத் திரட்டும் வேலையும் 2024இல் வந்த தனிச் சட்டத்தால் திறைசேரிப் பக்கம் போகிறது. ஏலம் நடத்துகிறவரே வட்டியையும் தீர்மானிப்பது என்கிற சிக்கல் அதோடு தளர்கிறது.

இதை எதிர்த்தவர்கள் சொன்னதை நான் தட்டிவிட மாட்டேன். வாக்குப் போட்டுத் தெரிவு செய்யாத சிலர் கையில் நாட்டின் நாணயத்தைக் கொடுக்கிறீர்கள் என்றார்கள். சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச்சில் கொடுக்க ஒப்புக்கொண்ட 3 பில்லியன் டொலருக்கு இது நிபந்தனை என்றார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. எங்கள் பாராளுமன்றம் தானாக யோசித்து, தன் அனுபவத்திலிருந்து இந்தச் சட்டத்தைச் செய்திருந்தால் அதைக் காக்கும் உறுதியும் கூட இருந்திருக்கும். ஆனாலும் சட்டத்தில் மக்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. பணவீக்க இலக்கை மத்திய வங்கி தன்பாட்டில் வைக்க முடியாது. நிதி அமைச்சரும் மத்திய வங்கியும் உடன்படிக்கை செய்து வர்த்தமானியில் போட வேண்டும். 2023 ஒக்டோபரில் செய்த உடன்படிக்கை 5 சதவீதம் என்கிறது, இரு பக்கமும் 2 புள்ளி இடைவெளி. எங்கே போக வேண்டும் என்பதில் அரசாங்கத்துக்குப் பங்குண்டு. எந்தப் பாதையால் என்பது வங்கியின் வேலை. தொடர்ந்து இரண்டு காலாண்டு இலக்குத் தவறினால், ஏன் தவறியது, என்ன செய்யப் போகிறோம், எப்போது திரும்பி வரும் என்று பாராளுமன்றத்துக்கு அறிக்கை வைக்க வேண்டும், அதைப் பொதுமக்களுக்கும் வெளியிட வேண்டும்.

அந்தக் கட்டாயம் சீக்கிரமே வேலைக்கு வந்தது. பணவீக்கம் இந்த முறை மேலே போய் அல்ல, கீழே போய்த் தவறியது. 2024 செப்டெம்பரில் சுழியத்துக்கும் கீழே இறங்கியது. மத்திய வங்கி காரணங்களை எழுதி அறிக்கை கொடுத்தது. மின்சாரக் கட்டணக் குறைப்பு, எரிபொருள் விலை என்று. எத்தனை உறுப்பினர்கள் அதை வாசித்தார்கள் என்று கேட்டால் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆனால் வாசிக்க ஒரு தாள் இருக்கிறது. 2020இல் அப்படி ஒரு தாள் இருந்ததா?

சம்பள விவகாரத்தை இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியாது. 2024 ஜனவரி முதலாம் திகதி வற் வரி 18 சதவீதமானது. அடுத்த மாதம், மத்திய வங்கி தன் ஊழியர்களின் சம்பளத்தை எழுபது சதவீதம் வரை கூட்டியிருக்கிறது என்ற செய்தி வந்தது. என் அலுவலகத்தில் அன்றைக்கு யாரும் வேறு எதையும் பேசவில்லை. எங்கள் சம்பளம் அசையவே இல்லை. வங்கியின் விளக்கம் இது: மூன்று வருடத்துக்கொரு முறை தொழிற்சங்கங்களோடு கூட்டு ஒப்பந்தம் செய்யும் வழக்கம் இருக்கிறது, ஆளுகைச் சபைக்குச் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது, திறமையான ஆட்கள் நாட்டைவிட்டுப் போகிறார்கள். கடைசிக் காரணம் பொய்யல்ல. என்னோடு படித்த இருவர் அப்படிப் போனவர்கள். மேற்பார்வைக்கு நல்ல ஆட்கள் இல்லாவிட்டால் பெரியம்மா போன்றவர்கள்தான் கடைசியில் அதற்கு விலை கொடுப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனால் அரசியலமைப்பின் 148ஆவது உறுப்புரை பொது நிதியின் மீது முழுக் கட்டுப்பாடு பாராளுமன்றத்துக்கு என்கிறது. மத்திய வங்கியின் வருமானம் வானத்திலிருந்து விழுவதல்ல. மிஞ்சுகிற இலாபம் திறைசேரிக்குப் போக வேண்டிய மக்களின் காசு. எதிர்க்கட்சி உறுப்பினர் ஹர்ஷ டி சில்வா தலைமையிலான அரசாங்க நிதி பற்றிய குழு ஆளுநரை அழைத்தது. ஆளுநர் வந்தார், பதில் சொன்னார். நான் அந்த நாட்களில் நண்பர் ஒருவரோடு கடுமையாக வாதாடினேன். அவர் வங்கித் துறையில் இருக்கிறவர். "இப்பதான் சுயாதீனம் குடுத்தவை, அதுக்குள்ள சம்பளத்தைப் பிடிச்சு இழுக்கினம். அடுத்தது வட்டியைப் பிடிச்சு இழுப்பினம்" என்றார். அவருடைய பயம் நியாயமானது. கோபம் கொதிக்கும் நாளில் சில உறுப்பினர்கள் சட்டத்தையே மாற்ற வேண்டும் என்று பேசினார்கள். ஆனாலும் நான் அவரோடு உடன்படவில்லை. வட்டி வீதம் எவ்வளவு என்பதற்கு வங்கிக்குச் சுயாதீனம் வேண்டும், ஏனென்றால் தேர்தல் வருடத்தில் வட்டியைக் குறைக்க ஒவ்வொரு அரசாங்கமும் விரும்பும். சம்பளம் எவ்வளவு என்பதற்கு அந்தக் காரணம் எங்கே பொருந்துகிறது? தன் சம்பளத்தைத் தானே தீர்மானிக்கிற எவரும் அதை வெளியில் ஒருவருக்கு விளக்கத்தான் வேண்டும். குழு அழைத்ததும் ஆளுநர் போனதும் சுயாதீனத்துக்குக் கேடு செய்ததாக நான் நினைக்கவில்லை. மக்கள் கோபப்பட்ட ஒரு விஷயத்தில், அமைச்சர் ஒருவர் தொலைபேசியை எடுக்காமல், கேள்விகள் பதிவாகும் ஓர் அறையில் பேசி முடிந்தது என்பதே எனக்கு ஆறுதல்.

கண்ணுக்கும் நோய் வரும் என்பதையும் அதே மாதங்களில் பார்த்தோம். 2024 மார்ச்சில் கோப் குழுவின் தலைவர் நியமனத்தை எதிர்த்து உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராக விலகினார்கள். கணக்குக் கேட்கிற குழுவே நம்பிக்கை இழந்தால் எல்லாம் காகிதத்தோடு நின்றுவிடும். குழுக்களுக்கு நிரந்தரமான பொருளியலாளர்களும் கணக்காளர்களும் வேண்டும். ஒரு உறுப்பினர் கேள்வி கேட்கும்போது அவருக்குப் பின்னால் தாள்களைப் படித்த ஒருவர் இருக்க வேண்டும். ஆளுநரோடு வருகிற அணியைப் பாருங்கள், எத்தனை கலாநிதிகள். எதிரே இருப்பவர் இரவு நிகழ்ச்சி ஒன்றுக்குப் போய்விட்டு விடிய வந்து உட்கார்ந்தவர். அந்த மேசை சமமில்லை.

இனிப் பெரியம்மாவின் கேள்விக்கு வருகிறேன். இவ்வளவும் பேசியது பணவீக்கத்தைப் பற்றி, வட்டியைப் பற்றி, சம்பளத்தைப் பற்றி. அவர் கேட்டது மேற்பார்வையைப் பற்றி. அங்கேதான் எனக்குத் திருப்தி இல்லை. பணவீக்கத்துக்கு ஓர் எண் இருக்கிறது. தவறினால் எல்லோருக்கும் தெரியும். ஒரு நிதி நிறுவனத்தின் கணக்கை ஒழுங்காகப் பார்த்தார்களா என்பதற்கு எண் கிடையாது. பார்க்கிற வேலை இரகசியமாக நடக்க வேண்டிய வேலையும்கூட. இந்தக் கம்பனி தள்ளாடுகிறது என்று அதிகாரி வாய் திறந்தால் அடுத்த நாள் காலையில் வாசலில் வரிசை நிற்கும், நல்ல கம்பனியும் விழுந்துவிடும். இந்த இரகசியத்தின் தேவையை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கம்பனி விழுந்து, உரிமம் இரத்தாகி, வைப்பாளர் கையில் காப்புறுதிக் காசு மட்டும் மிஞ்சிய பிறகு யாரைக் காக்க அந்த இரகசியம்?

2008 டிசம்பரில் கோல்டன் கீ விழுந்தது. அது மத்திய வங்கியின் உரிமம் இல்லாமலே வைப்பு வாங்கிய நிறுவனம். 2020 மே மாதம் த பினான்ஸ் கம்பனியின் உரிமம் இரத்தானது. அது 1940இல் தொடங்கிய, உரிமம் உள்ள நிறுவனம். இடையில் இன்னும் சில. ஒவ்வொரு முறையும் வைப்பாளர்கள் வீதிக்கு வந்தார்கள், பதாகை பிடித்தார்கள், வெயிலில் நின்றார்கள், களைத்துப் போனார்கள்.

பிரித்தானியாவில் 2019 ஜனவரியில் லண்டன் கேப்பிட்டல் அன்ட் பினான்ஸ் என்ற நிறுவனம் விழுந்தது. 11,600 பேரளவில், பலர் ஓய்வூதியக்காரர்கள், போட்டிருந்த காசு 237 மில்லியன் பவுண். அங்கே நிதி நிறுவனங்களைப் பார்க்கிற நிதி நடத்தை அதிகாரசபையும் சுயாதீனமான அமைப்புத்தான், அமைச்சர் சொல்கிறபடி ஆடாது. ஆனால் 2012இல் செய்த சட்டம் ஒன்று இருக்கிறது. ஒழுங்குபடுத்தும் அமைப்பு தவறியதாகத் தெரிந்தால் சுயாதீன விசாரணை ஒன்றைத் தொடங்கும்படி திறைசேரி பணிக்கலாம், அறிக்கை பாராளுமன்றத்துக்கு வரும். அப்படி நியமிக்கப்பட்ட முன்னாள் நீதிபதி எலிசபெத் குளொஸ்டரின் அறிக்கை 2020 டிசம்பரில் வெளியானது. பொதுமக்கள் தொலைபேசியில் எச்சரித்ததையெல்லாம் அதிகாரசபை எப்படித் தவறவிட்டது என்று பக்கம் பக்கமாக எழுதினார். அந்தக் காலத்தில் அதிகாரசபையின் தலைமையில் இருந்த அன்ட்ரூ பெய்லி அப்போது இங்கிலாந்து வங்கியின் ஆளுநர். மன்னிப்புக் கேட்டார், பாராளுமன்றக் குழு முன் வந்து கேள்விக்குப் பதில் சொன்னார். பிறகு அரசாங்கம் இழப்பீட்டுத் திட்டம் ஒன்று கொண்டுவந்தது, போட்டதில் 80 சதவீதம், உச்ச வரம்பு 68,000 பவுண். பிரித்தானியாவில் எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்லவரவில்லை. அந்த அறிக்கையை வாசித்தபோது பொறாமையாக இருந்தது. காசுக்காக அல்ல. ஒரு வைப்பாளர் தன் வீட்டு மேசையில் இருந்து, எந்தத் திகதியில் எந்தப் பிரிவு எதைக் கவனிக்கவில்லை என்று வாசிக்க முடிகிறதே, அதற்காக.

எங்கள் சட்டத்திலும் அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. உரிமம் பெற்ற ஒரு நிறுவனம் விழுந்து வைப்பாளருக்கு இழப்பு வந்தால், ஒரு வருடத்துக்குள், மத்திய வங்கிக்கு வெளியே உள்ள ஒருவர் மேற்பார்வைக் கோப்புகளைப் பார்த்து எழுதிய அறிக்கை பாராளுமன்றத்துக்கு வர வேண்டும். யாரும் போராடிப் பெறக்கூடாது, பணவீக்க அறிக்கை போலத் தானாக வர வேண்டும். ஜனாதிபதிக்கு விருப்பமிருந்தால் ஆணைக்குழு, இல்லாவிட்டால் இல்லை என்கிற நிலை கூடாது. மூன்று மொழியிலும் வர வேண்டும், தமிழில் ஆறு மாதம் பிந்தி அல்ல. அதில் அமைச்சர் தலையிட ஒன்றும் இல்லை, அதனால் சுயாதீனத்துக்குக் குறைவும் இல்லை.

போன வாரம் பெரியம்மாவுக்குத் தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "அப்ப அந்தக் குழுவுக்கு ஆரும் எழுதலாமோ?" என்றார். எழுதலாம் என்றேன். "எந்தப் பாசையில?" தமிழில் எழுதலாம் என்றேன்.

நேற்று அவர் எழுதிய கடிதத்தின் படம் கைபேசிக்கு வந்தது. ஒற்றைக் கோடிட்ட தாள், மூன்று பக்கம், மேலே வலது மூலையில் திகதி. வைப்பிட்ட நாள், வட்டி நின்ற நாள், உரிமம் இரத்தான நாள், காப்புறுதி கிடைத்த நாள் எல்லாம் வரிசையாக எழுதி, கீழே ஒரே ஒரு கேள்வியை இலக்கமிட்டுக் கேட்டிருக்கிறார்: வட்டி பிந்தத் தொடங்கிய மாதத்துக்கும் உரிமம் இரத்தான மாதத்துக்கும் இடையில் இந்தக் கம்பனியின் கணக்குகளை எத்தனை தரம் பார்த்தார்கள், ஒவ்வொரு தரமும் என்ன எழுதி வைத்தார்கள்?

திங்கட்கிழமை கொக்குவில் தபாற்கந்தோரில் பதிவுத் தபாலில் போடுகிறாராம். பற்றுச்சீட்டை நீலக் கோப்பில் வைப்பார்.